சங்க அகப்பாடல்களில் இரவும் தனிமையும்

சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் இரவு, துணையைப் பிரிந்திருப்போரின் தனிமையைப் புலப்படுத்தும் காலமாகப் பரவலாகக் கையாளப்பட்டுள்ளது. குறுந்தொகை, அகநானூறு, நெடுநல்வாடை, முல்லைப்பாட்டு ஆகிய நூல்களில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் உள்ளன. இப்பாடல்களில் இருளைப் பற்றிய வருணனை மிகக் குறைவு. ஊரார் உறங்க ஒருத்தி மட்டும் விழித்திருத்தல், நள்ளிரவில் கேட்கும் சிறு ஒலிகள், கழியாது நீளும் பொழுது ஆகிய மூன்றின் வழியாகவே தனிமை பெரிதும் உணர்த்தப்படுகிறது. இம்மரபு திருக்குறளின் காமத்துப்பாலிலும், நம்மாழ்வார் பாசுரங்களிலும், கம்பராமாயணத்திலும் தொடர்வதைக் காணலாம்.

இலக்கணப் பின்னணி

அகப்பாடல்களின் பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுப்பர். நிலமும் பொழுதும் முதற்பொருள் ஆகும். பொழுது, பெரும்பொழுது எனவும் சிறுபொழுது எனவும் இருவகைப்படும். ஓராண்டின் கூறுகள் பெரும்பொழுது. ஒரு நாளின் கூறுகள் சிறுபொழுது. மாலை, யாமம், வைகறை ஆகிய மூன்றும் இரவோடு தொடர்புடைய சிறுபொழுதுகள். நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுக்கும் முறைப்படி ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம் கொண்டது. அவ்வகையில் மாலை என்பது ஏறக்குறைய 6 மணி முதல் 10 மணி வரையும், யாமம் 10 மணி முதல் 2 மணி வரையும், வைகறை 2 மணி முதல் 6 மணி வரையும் ஆகும்.

தொல்காப்பியம் இப்பொழுதுகளைத் திணைகளோடு பொருத்துகிறது.

- மாலை – முல்லைத் திணை. உரிப்பொருள் இருத்தல் (காத்திருத்தல்)
- யாமம் – குறிஞ்சித் திணை, உரிப்பொருள் புணர்தல்
- வைகறை – மருதத் திணை, உரிப்பொருள் ஊடல்

இதன்படி நள்ளிரவு என்பது காதலர் கூடுவதற்கு உரிய பொழுது. பிரிவுக்கு உரிய பாலைத் திணைக்கு இலக்கணம் வகுத்த சிறுபொழுது நண்பகலே. ஆயினும் பாலை, நெய்தல், முல்லைப் பாடல்கள் பலவற்றில் பிரிவின் துயரம் நள்ளிரவிலேயே உச்சம் பெறுகிறது. குறிஞ்சிப் பாடல்களிலும் தலைவன் வாராத இரவுகள் பல உள்ளன. தலைவன் வரவேண்டிய பொழுது யாமம் என்பதாலேயே அவன் வாராமை அப்பொழுதில் மிகுதியாக உறைக்கிறது எனலாம். கூடுவதற்கென வகுக்கப்பட்ட காலத்தில் ஒருவர் தனித்திருப்பதே இப்பாடல்களில் தனிமைக்கு அடிப்படையாக அமைகிறது.

சொற்கள்

இரவைக் குறிக்க இரா, அல், அல்கல், எல்லி, கங்குல், யாமம், நடுநாள், பானாள் முதலிய பல சொற்கள் சங்கப் பாடல்களில் வழங்குகின்றன. நள்ளிரவைச் சுட்டும் இடங்களில் 'நள்ளென்' என்னும் அடைமொழி அடிக்கடி வருகிறது. இது ஒலிக்குறிப்புச் சொல்லாகக் கருதப்படுகிறது. ஆரவாரம் அடங்கிய பின் காதில் நிற்கும் மெல்லிய இரைச்சலை இது குறிக்கிறது.

தனிமையைக் குறிக்கத் தமி, தமியர், எமியம், புலம்பு ஆகிய சொற்கள் பயில்கின்றன. இவற்றுள் புலம்பு என்னும் சொல் கருதத்தக்கது. இக்காலத் தமிழில் புலம்புதல் என்பது வாய்விட்டு அரற்றுதலைக் குறிக்கிறது. சங்கத் தமிழிலோ புலம்பு என்பதற்குத் தனிமை என்ற பொருளும் உண்டு. தொல்காப்பியத்தின் உரியியலும் அச்சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் தருகிறது. தனித்திருத்தலையும், அதனால் எழும் குரலையும் ஒரே சொல் சுட்டும் நிலையை இங்குக் காணலாம்.

ஊர் உறங்குதல்

இரவுத் தனிமையைக் காட்டும் பாடல்களில் மிகுதியாகக் காணப்படும் அமைப்பு, எல்லோரும் உறங்கத் தான் மட்டும் உறங்காதிருத்தல் என்பதாகும்.

குறுந்தொகையின் 6ஆம் பாடல் பதுமனார் இயற்றியது. நெய்தல் திணையைச் சார்ந்தது. நள்ளிரவு வந்துவிட்டது, மக்கள் பேச்சு ஓய்ந்து இனிதாக உறங்குகின்றனர், பரந்த உலகமும் சினமின்றி உறங்குகிறது, உறங்காதவள் தான் ஒருத்தி மட்டுமே என்று தலைவி கூறுகிறாள். நான்கே அடிகள் கொண்ட இப்பாடலில் இருள், விண்மீன், நிலவு எதுவும் இல்லை. வீட்டிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து உலகுக்கும் உறக்கம் விரிந்துகொண்டே செல்ல, விழிப்பு ஒரே இடத்தில் சுருங்கி நிற்கிறது.

ஔவையார் பாடிய 28ஆம் பாடல் இதே நிலையைச் சீற்றத்தோடு கூறுகிறது. சுழன்று அடிக்கும் காற்று வருத்த, தன் நோயை அறியாமல் உறங்கும் இவ்வூரை முட்டுவதா, தாக்குவதா, ஏதேனும் ஒரு சாக்கிட்டுக் கூவி எழுப்புவதா என்று தலைவி கேட்கிறாள். பதுமனாரின் தலைவிக்கு ஊரின் உறக்கம் ஒரு செய்தி. ஔவையாரின் தலைவிக்கு அது ஒரு குற்றம்.

இப்பாடல்களில் ஊர் என்பது வெறும் பின்னணி அன்று. களவுக் காலத்தில் தலைவியின் காதல் மறைவானது. பகலில் விழித்திருக்கும் ஊர் அலர் தூற்றுகிறது. அதனிடம் எதையும் சொல்ல இயலாது. இரவிலோ ஊர் உறங்குகிறது. அப்போதும் சொல்ல இயலாது. இவ்வாறு ஊர் விழித்திருந்தாலும் உறங்கினாலும் தலைவி அதிலிருந்து விலகியே நிற்கிறாள்.

இப்பாடல்களுள் பல, தலைவி தோழிக்குக் கூறியனவாக அமைந்துள்ளன என்பதும் குறிப்பிடத்தக்கது. அருகில் தோழி இருக்கும்போதே தலைவி தன்னைத் தனியள் என்கிறாள். ஆகவே இங்குத் தனிமை என்பது ஆளற்று இருத்தலைக் குறிக்கவில்லை. குறிப்பிட்ட ஒருவர் இல்லாமையையே குறிக்கிறது.

கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகை 30ஆம் பாடலில் உறக்கமே தனிமையைத் தருகிறது. கனவில் தலைவன் வந்து தழுவ, அதை மெய்யென்று எண்ணி விழித்தெழுந்த தலைவி படுக்கையைத் தடவிப் பார்க்கிறாள். வண்டுகள் மொய்த்து நலிந்த குவளை மலர்போல் மெலிந்தேன் என்று தோழியிடம் கூறுகிறாள்.

இரவின் ஒலிகள்

கண்ணுக்கு வேலையில்லாத பொழுதில் செவி கூர்மையடைகிறது. சங்கப் புலவர்கள் இரவைப் பெரும்பாலும் ஒலிகளைக் கொண்டே காட்டுகின்றனர். இதற்குக் களவொழுக்கத்தின் நடைமுறையும் ஒரு காரணம் ஆகும்.

தலைவனும் தலைவியும் இரவில் சந்திக்கக் குறித்த இடம் இரவுக்குறி எனப்படும். அது வீட்டில் உள்ளோரின் பேச்சொலி கேட்கும் அளவுக்கு வீட்டை ஒட்டி அமையும். தலைவன் தான் வந்தமையை ஏதேனும் ஓர் ஒலியால் உணர்த்துவான். சில வேளைகளில் நீரில் காய் விழுதல், மரத்தில் பறவை அசைதல் போன்ற இயற்கை ஒலியைக் குறியென்று கருதித் தலைவி வெளியே வந்து, எவரும் இல்லாமை கண்டு திரும்புவாள். இதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். இவ்வாறு ஒவ்வொரு சிறு ஒலியையும் எதிர்பார்ப்போடு கேட்டுப் பழகிய செவியே இப்பாடல்களின் பின்னணியாக உள்ளது.

நொச்சிப் பூ

கொல்லன் அழிசி பாடிய குறுந்தொகை 138ஆம் பாடல் தோழி கூற்றாக அமைந்தது. பெரிய ஊர் உறங்கியும் தாங்கள் உறங்கவில்லை என்று கூறும் தோழி, வீட்டின் அருகே வளர்ந்த நொச்சியின் நீல நிறப் பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்கிறாள். நொச்சியின் பூ மிகச் சிறியது. அது விழும் ஓசை கேட்கும் அளவுக்கு ஊர் அடங்கியிருந்தது என்பதும், அதைக் கேட்கும் அளவுக்கு அவர்கள் விழித்துக் காத்திருந்தனர் என்பதும் ஒருங்கே பெறப்படுகின்றன. தலைவன் வரவில்லை என்பதைப் பாடல் வெளிப்படையாகக் கூறவில்லை.

எருமையின் குரல்

கழார்க்கீரன் எயிற்றியார் பாடிய குறுந்தொகை 261ஆம் பாடலில் மழைக்காலத்தின் கடைசி நாட்கள் கூறப்படுகின்றன. சேற்றில் நின்று வெறுப்புற்ற எருமை நள்ளிரவில் கதறுகிறது. அச்சந்தரும் அந்த வேளையிலும் தன் கண்கள் உறங்கவில்லை என்கிறாள் தலைவி. இரவு முழுவதும் விழித்திருந்து பொழுதைக் கணக்கிடும் காவலர்களைத் தன் நெஞ்சுக்கு உவமையாகக் கூறுகிறாள். ஊரில் உறங்காதிருப்பவை இரண்டு: ஒன்று தொழுவத்து எருமை, மற்றொன்று நாழிகை எண்ணும் காவல். தலைவி தன்னை அவற்றின் வரிசையில் வைத்துக் காண்கிறாள்.

அன்றிலும் கடலும்

அன்றில் என்னும் பறவை இணை பிரியாதது என்பது இலக்கிய மரபு. அதன் நள்ளிரவுக் குரல் பிரிந்தோரைச் செயலற்றுப்போகச் செய்வதாகக் குறுந்தொகை 160ஆம் பாடல் கூறுகிறது. அம்மூவனார் பாடிய 163ஆம் பாடலில் தலைவி கடலை நோக்கிப் பேசுகிறாள். நள்ளிரவிலும் உன் குரல் கேட்கிறதே, உன்னை வருத்தியவர் யார் என்று வினவுகிறாள். உறங்கும் மனிதரிடையே தனக்கு ஒப்பான ஒருவரைக் காணாத தலைவி, ஓயாது ஒலிக்கும் கடலைத் தன்னைப் போன்ற ஒன்றாகக் கொள்கிறாள்.

வாராத இரவுகள்

பரணர் பாடிய அகநானூறு 122ஆம் பாடல், இரவுக்குறிக்கு ஏற்படும் தடைகளை வரிசையாக அடுக்குகிறது. ஒரு தடை நீங்கும்போது அடுத்த தடை எழுகிறது.

1. விழா இல்லாத நாளிலும் ஊர் உறங்குவதில்லை.
2. ஊர் உறங்கினால் தாய் உறங்குவதில்லை.
3. தாய் உறங்கினால் ஊர்க்காவலர் விரைந்து சுற்றி வருகின்றனர்.
4. காவலர் உறங்கினால் நாய் குரைக்கிறது.
5. நாய் அடங்கினால் நிலவு பகல்போல் ஒளி வீசுகிறது.
6. நிலவு மறைந்தால் கூகை குழறுகிறது.
7. கூகை அடங்கினால் வீட்டுச் சேவல் கூவிவிடுகிறது.

இவை அனைத்தும் அடங்கிய ஒரு நாளும் வந்தது. அன்று தலைவன் வரவில்லை. ஓர் ஊரின் முழு இரவும் இப்பட்டியலில் அடங்கியுள்ளது. பிற பாடல்களில் தலைவி ஊர் உறங்குவதைக் கண்டு வருந்துகிறாள்; இங்கோ உறங்காதிருப்பதைக் கண்டு வருந்துகிறாள். இறுதியில் எல்லாம் உறங்கியும் பயனில்லாமல் போகிறது.

இரவின் நீளம்

தனித்திருப்போர்க்கு இரவு நீள்வதாகக் கூறுவது மற்றொரு மரபு. குறுந்தொகை 387ஆம் பாடலில் தலைவி, மாலைப் பொழுதை ஒருவாறு நீந்திக் கடந்தாலும் பயன் என்ன என்று கேட்டு, அதன்பின் வரும் இரவாகிய வெள்ளம் கடலைவிடப் பெரியது என்கிறாள். கங்குலை வெள்ளமாக உருவகித்த இத்தொடரைக் கொண்டே இப்பாடலின் ஆசிரியர் கங்குல் வெள்ளத்தார் எனப் பெயர் பெற்றுள்ளார். இயற்பெயர் அறியப்படாத புலவர்களுக்கு அவர்தம் பாடலின் தொடரையே பெயராக இடுவது சங்கத் தொகை நூல்களில் காணப்படும் வழக்கம் ஆகும்.

இதற்கு மாறாக, நாளின் எல்லாப் பொழுதுகளையும் இரவின் துயரம் விழுங்கிவிடுவதாகவும் பாடல்கள் உள்ளன. அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 32ஆம் பாடலில், காலை, பகல், மாலை, யாமம், விடியல் என்ற வேறுபாடு தெரியுமானால் அந்தக் காமம் பொய்யானது என்று தலைவன் கூறுகிறான். மிளைப்பெருங்கந்தனார் பாடிய 234ஆம் பாடல், ஞாயிறு மறைந்து முல்லை மலரும் வேளையே மாலை என்போர் அறியாதோர் என்கிறது. துணையில்லாதவர்க்குச் சேவல் கூவும் விடியலும் மாலையே, நண்பகலும் மாலையே என்பது அப்பாடலின் கருத்து.

மாலையும் விடியலும்

நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் உள்ள பொழுதுகள் வேறுவகையாகக் கையாளப்படுகின்றன. மாலை என்பது எல்லா உயிர்களும் தத்தம் இடம் திரும்பும் வேளை. ஆகவே திரும்பி வராத ஒருவரை அது நினைவூட்டுகிறது. குறுந்தொகை 172ஆம் பாடலில் வௌவால்கள் பழமரத்தை நாடிச் செல்லும் மாலையில் தலைவி தன் நெஞ்சைக் கொல்லன் உலையின் துருத்திக்கு ஒப்பிடுகிறாள். அது ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த உலை. ஆகவே அதன் துருத்திக்கு ஓய்வே இல்லை. இதுவும் கச்சிப்பேட்டு நன்னாகையாரின் பாடலே ஆகும்.

காதலர் கூடியிருக்கும் இரவில் பகை விடியல்தான். அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகை 157ஆம் பாடலில் சேவல் கூவுகிறது. தோள் தழுவியவரைப் பிரிக்கும் வாளைப் போல வைகறை வந்தது என்று தலைவியின் நெஞ்சம் துணுக்குறுகிறது. 107ஆம் பாடலில் தலைவி, தன்னை எழுப்பிய சேவலைக் காட்டுப்பூனையின் குட்டிகளுக்கு இரையாகுமாறு சபிக்கிறாள். ஆகவே சங்கப் பாடல்களில் இரவு இயல்பாகவே துயரமான காலம் அன்று. அது துணையோடு இருப்போர்க்குக் குறுகியும், தனித்திருப்போர்க்கு நீண்டும் தோன்றும் ஒரே காலமே ஆகும்.

நிலவு

நிலவொளி பெரும்பாலும் களவுக்கு இடையூறாகவே கூறப்படுகிறது. குறுந்தொகை 47ஆம் பாடலில், வேங்கைப் பூக்கள் உதிர்ந்த பாறை புலிக்குட்டி போலத் தோன்றும் காட்டு வழியில் இரவில் வரும் தலைவனுக்கு நீ நல்லாய் அல்லை என்று நெடிய வெண்ணிலவை நோக்கிக் கூறப்படுகிறது. இதன் ஆசிரியரும் பாடற்றொடரால் நெடுவெண்ணிலவினார் எனப் பெயர் பெற்றவர்.

காதல் சாராத தனிமைக்கும் நிலவு பயன்படுகிறது. புறநானூறு 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. மூவேந்தரின் முற்றுகைக்குப் பின் பாரி இறந்தான். பறம்பு மலை பறிபோயிற்று. முந்தைய திங்களின் வெண்ணிலவில் தந்தையும் குன்றும் இருந்தமையையும், இத்திங்களின் வெண்ணிலவில் இரண்டும் இல்லாமையையும் அப்பாடல் அருகருகே வைக்கிறது. நிலவு மாறவில்லை, அதனடியில் நிற்போரின் நிலை மாறிவிட்டது.

பாசறையிலும் அரண்மனையிலும்

குறுந்தொகைப் பாடல்கள் நான்கு முதல் எட்டு அடிகள் கொண்டவை. பத்துப்பாட்டில் உள்ள இரு நெடும்பாடல்கள் இதே பொருளை விரித்துரைக்கின்றன. இவற்றில் ஆணின் இரவும் இடம்பெறுகிறது.

நெடுநல்வாடை நக்கீரர் இயற்றியது. 188 அடிகள் கொண்டது. மழையும் வாடைக்காற்றும் மிகுந்த குளிர்காலத்தில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிச்சி அரும்புகள் மலரும் மணத்தைக் கொண்டே மகளிர் மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகின்றனர். அரண்மனையில் யானைத் தந்தத்தால் செய்த கட்டிலில் அரசி தனித்திருக்கிறாள். மேற்கட்டியில் தீட்டிய ஓவியத்தில் திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியைக் கண்டு பெருமூச்சு விடுகிறாள். அதே நள்ளிரவில் அரசன் பாசறையில் உறங்காமல், சிலரோடு சென்று காயமுற்ற வீரர்களைக் கண்டு ஆறுதல் அளிக்கிறான். இருவரும் விழித்திருக்கின்றனர், ஆனால் ஒருவர் விழிப்பை மற்றவர் அறியார். அரசனுடைய வேலில் வேப்பந்தழை கட்டப்பட்ட குறிப்பு பாண்டியனைச் சுட்டுவதால் இதனைப் புறப்பாட்டாக உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார்.

முல்லைப்பாட்டு நப்பூதனார் இயற்றியது. 103 அடிகள் கொண்டது. இதில் பாசறையில் நாழிகைக் கணக்கர்கள் நீர்க்கடிகையைக் கொண்டு பொழுதைக் கணித்து அரசனுக்கு அறிவிக்கின்றனர். அரசன் போரில் புண்பட்ட யானைகளையும் வீரர்களையும் எண்ணி உறங்காதிருக்கிறான். அரசியோ ஏழடுக்கு மாளிகையில், கூரையின் வளைந்த இறப்பிலிருந்து மழைநீர் அருவிபோல் விழும் ஓசையைக் கேட்டவாறு கிடக்கிறாள். பாடலின் முடிவில் வென்று திரும்பும் அரசனின் தேர்க்குதிரைகள் கனைக்கும் ஒலி அவள் செவியை நிறைக்கிறது. அரசனைக் கண்ணால் காணும் காட்சி பாடலில் இல்லை. தனிமையை உணர்த்திய செவியே அதன் முடிவையும் உணர்கிறது.

திருக்குறள்

காமத்துப்பாலில் படர்மெலிந்திரங்கல், கண்விதுப்பழிதல், தனிப்படர்மிகுதி, கனவுநிலையுரைத்தல், பொழுதுகண்டிரங்கல் ஆகிய அதிகாரங்கள் இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையவை. படர்மெலிந்திரங்கல் அதிகாரத்தின் மூன்று குறள்கள் அடுத்தடுத்து இரவைப் பற்றி அமைகின்றன.

- குறள் 1167: காமமாகிய வெள்ளத்தை நீந்திக் கரை காணாமல் நள்ளிரவிலும் தான் ஒருத்தியே இருப்பதாகத் தலைவி கூறுகிறாள்.
- குறள் 1168: எல்லா உயிர்களையும் உறங்கச் செய்துவிட்ட இரவு, தன்னைத் தவிர வேறு துணை இல்லாமல் இருப்பதாக இரக்கப்படுகிறாள்.
- குறள் 1169: நீண்டு கழியும் இரவுகள், பிரிந்தவரின் கொடுமையைவிடக் கொடியவை என்கிறாள்.

இவற்றுள் 1168ஆம் குறள் பழைய அமைப்பைத் திருப்பிப் போடுகிறது. குறுந்தொகையில் உலகம் உறங்கத் தலைவி தனித்தாள். இங்கு உலகத்தை உறங்க வைத்த இரவே தனித்துவிட்டது. தன் நிலையைக் கூறாமல் இரவுக்காக வருந்துவதன் வழியாகத் தலைவியின் தனிமை வெளிப்படுகிறது.

பிற்கால இலக்கியங்கள்

சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை ஒரே மாலையையும் நிலவையும் இரு பெண்களின் நிலையில் வைத்துக் காட்டுகிறது. மாதவி கோவலனோடு நிலா முற்றத்தில் மகிழ்ந்திருக்க, கண்ணகி அணிகலன்களைத் துறந்து வருந்தியிருக்கிறாள்.

பக்தி இலக்கியத்தில் தலைவனின் இடத்தை இறைவன் பெறுகிறான். நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழியின் ஐந்தாம் பத்து நான்காம் திருவாய்மொழி முழுவதும் இத்தகைய இரவைப் பற்றியது. ஊர் உறங்கி, உலகம் இருண்டு, நீர்நிலைகள் அடங்கி, ஒரே நீண்ட இரவாகிவிட்ட வேளையில் திருமால் வரவில்லையே என்று நாயகி நிலையில் ஆழ்வார் வருந்துகிறார். இரண்டாம் பத்து முதல் திருவாய்மொழியில் நாரை, அன்றில், கடல், காற்று, மேகம், திங்கள், இருள், கழி, விளக்கு ஆகியவற்றை அழைத்து, நீங்களும் என்னைப் போல் நெஞ்சிழந்தீர்களோ என்று வினவுகிறார். கடலை நோக்கி வினவிய அம்மூவனாரின் தலைவியை இது நினைவூட்டுகிறது.

கம்பராமாயணத்தின் சுந்தர காண்டத்தில் அசோக வனத்துச் சீதையின் இரவு கூறப்படுகிறது. காவல் அரக்கியர் உறங்காமையால் அனுமன் வித்தை ஒன்றால் அவர்களை உறங்கச் செய்கிறான். ஒருபோதும் உறங்காதவர்களும் உறங்கியதைக் கண்ட சீதை, துயரம் தாங்காது நிலவையும் இரவையும் இருளையும் நோக்கிப் பேசுகிறாள். பகைவரின் உறக்கமும் தனிமையை மிகுவிப்பதாகக் கம்பர் அமைத்துள்ளார். எனினும் சீதை அறியாத ஒரு வேறுபாடு இங்குண்டு: அவ்வுறக்கம் உதவி வந்துவிட்டதன் அடையாளம்.

புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில் தனிமை நேர்ப்பொருளிலேயே இரவில் நிகழ்கிறது. காட்டில் பாழ் மண்டபம் ஒன்றில் உறங்கும் தமயந்தியை, இருவரும் உடுத்திருந்த ஒரே ஆடையை அரிந்துகொண்டு நளன் நள்ளிரவில் பிரிந்து செல்கிறான். மற்ற இலக்கியங்களில் விழித்திருப்பவர் தனித்தவர். இங்கு உறங்கியவரே தனித்துவிடப்படுகிறார்.

பதிப்பும் மொழிபெயர்ப்பும்

பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். குறுந்தொகையைத் திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் தம் உரையுடன் முதன்முதலாக வெளியிட்டார். உ. வே. சாமிநாதையரின் விரிவான உரைப்பதிப்பு 1937இல் வெளிவந்தது. ஏ. கே. இராமானுசன் குறுந்தொகையிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1967இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற நூலாக வெளியிட்டார். இந்நூல் சங்க அகப்பாடல்களைத் தமிழறியாத வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது.

இவற்றையும் பார்க்கவும்

- அகத்திணை
- சிறுபொழுது
- குறுந்தொகை
- இரவுக்குறி
- நெடுநல்வாடை
- முல்லைப்பாட்டு
- காமத்துப்பால்